என்ரை பேரைச் சொல்லி ஆட்டத்தை விட்ட மகனுக்கு

தம்பி,

ரெலிபோனிலை கதைச்சால் ரெண்டாவது வசனத்திலை பிரெஞ்சிலை "சே பா க்ராவ், அம்மா" எண்டு சொல்லி வைச்சிடுவாய். ஒண்டும் பெரிய விசயமில்லையாம். உனக்கு எதுதான் பெரிய விசயம்? அதாலைதான் எழுதுறன். எழுதினதை இடையிலை வெட்டேலாது. நீ எழுத்துக்கூட்டித்தான் தமிழ் வாசிப்பாய் எண்டு எனக்குத் தெரியும், ஆறுதலாக் கூட்டி வாசி. விளங்காத இடத்திலை சிந்துவைக் கேள். கலியாணத்துக்கு முன்னமே பெட்டைக்கு உன்ரை தமிழின்ரை வண்டவாளம் தெரியட்டும். வேறை ஆக்கள் வாசிச்சாலும் எனக்குக் காரியமில்லை. அந்த வீடியோவை லாச்சப்பல் கடைத்தெரு முழுக்கப் பாத்திட்டுது, இந்தக் கடிதத்தையும் பாக்கட்டும்.

விசயத்துக்கு வாறன். நீ ஆட்டத்தை விட்டிட்டாய். சம்பந்தி வீட்டிலை ஓம் எண்டு தலையை ஆட்டிப்போட்டு, பழகப் போறதை நிப்பாட்டிப்போட்டு, வாற ஞாயிற்றுக்கிழமை ரூ பஜோல் தெருவிழாவுக்கும் வரமாட்டன் எண்டு மெசேஜ் அனுப்பிப்போட்டு, என்னட்டை மட்டும் மூச்சு விடேல்லை. இதை நான் ஆரிட்டைக் கேட்டு அறியவேண்டிக் கிடந்தது தெரியுமே? பஸ் ஓட்டுற மனுசியிட்டை. அதுவும் கடையிலை, பிளவுஸ் துணி வெட்டிக்கொண்டு நிக்கேக்கை.

முந்தநாள் பின்னேரம் நடந்தது. கலியாணக் காலம், கடை நிறையச் சனம். கதவைத் திறந்துகொண்டு உங்கடை ஆட்டத்துக்கு மேளம் அடிக்கிற சொலான்ஜ் வாறா, பஸ் ஓட்டுற உடுப்போடை. கழுத்திலை என்ரை பொன்னாடை. போன கோடை விழாவிலை நான் அவவுக்குப் போத்தின அதே பொன்னாடை, அரக்குக் கரையும் சரிகையும். அதை நீட்டுக்கு மடிச்சுக் குளிருக்குக் கழுத்தைச் சுத்திக் கட்டியிருக்கிறா. எங்கடை ஆக்கள் பொன்னாடையை என்ன செய்வினம்? போட்டோ எடுத்து முடிய மடிச்சு அலுமாரிக்குள்ளை வைப்பினம், பேந்து வேறை விழாவிலை வேறை ஆருக்கும் போத்துவினம். இவ அதைக் கட்டிக்கொண்டு பஸ் ஓட்டுறா. சீலை பாக்க வந்த சனமெல்லாம் சீலையை விட்டிட்டு அவவின்ரை கழுத்தைப் பாக்குது. "மதாம், உங்கடை மகனுக்குச் சுகமில்லையா?" எண்டு கேட்டா. நல்ல சுகமாத்தானே இருக்கிறான், ஏன் எண்டு கேட்டன். "இனி வரமாட்டானாம். அம்மாவுக்காக விட்டிட்டன் எண்டு எழுதியிருக்கிறான்" எண்டா.

அம்மாவுக்காக! கையிலை கத்திரிக்கோல் வேறை. நல்லகாலம் நீ பக்கத்திலை நிக்கேல்லை.

தொடங்கேக்கை என்னைக் கேட்டே தொடங்கினனீ? உன்னை நான் அனுப்பினது மிருதங்கம் பழக. அந்தக் கட்டடத்திலை கீழை மிருதங்க வகுப்பு, மேலை குவாதலூப் தீவு ஆக்களின்ரை மேளம். சனிக்கிழமை சனிக்கிழமை வில்லியே லே பெல் வீட்டிலையிருந்து பஸ் பிடிச்சு, பிறகு ஆர்.இ.ஆர் ரெயின் பிடிச்சு, அந்த மிருதங்கத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி மடியிலை வைச்சுக்கொண்டு உன்னைக் கொண்டுவந்து வாசலிலை விட்டிட்டு நான் கடைக்கு ஓடுவன். சரஸ்வதி பூசைக்குப் பிள்ளையள் வாசிக்கினம் எண்டு சொல்லி, பட்டுச்சீலை கட்டி, ஒரு பெட்டி வடை சுட்டுக்கொண்டு வந்து முன்வரிசையிலை இருக்கிறன். எல்லாப் பெடியளின்ரை பேரும் கூப்பிடுபடுது, உன்ரை பேர் மட்டும் இல்லை. மாஸ்டரிட்டைப் போய்க் கேட்டால், "உங்கடை மகனோ அக்கா? அவன் கோடை லீவுக்குப் பிறகு இஞ்சாலை வரேல்லையே" எண்டார். நிலம் பிளந்திருந்தால் நான் உள்ளுக்கை போயிருப்பன்.

வடைப் பெட்டியோடை மேலை ஏறி வந்தன். அங்கை நீ வெறுங்காலோடை, ஷேர்ட் முதுகிலை ஒட்ட, ஒரு பெரிய மேளத்துக்கு முன்னாலை நிண்டு விழப்போற மாதிரி ஆடுறாய். விழுந்திட்டான் எண்டு நான் வாயிலை கை வைக்க, நீ நிமிர்ந்திட்டாய். பிறகும் விழப்போறாய், பிறகும் நிமிருறாய். என்னைக் கண்ட உடனை நீ சொன்னது என்ன, ஞாபகம் இருக்கோ? "அம்மா, வடையோ?" அவ்வளவுதான். அண்டைக்கு அந்த அறையிலை நிண்ட அவ்வளவு பேரும் என்ரை வடையைச் சாப்பிட்டவை. மாஸ்டருக்கு எண்டு எடுத்து வைச்சதையும் விடேல்லை. பெட்டியைக் கழுவித் துடைச்சுத் தந்தவை, அதை நான் சொல்லத்தான் வேணும்.

பிறகு ரெயினிலை நீ எனக்கு வகுப்பெடுத்தனீ. இது க்வோகா அம்மா, கரும்புத் தோட்டத்திலை அடிமையா வைச்சிருந்த ஆபிரிக்க ஆக்கள் சாகவிடாமல் வைச்சிருந்த ஆட்டம் அம்மா, எங்களைப்போலக் கடல் தாண்டி வந்த சனம் அம்மா. எங்களை ஒருத்தரும் சங்கிலி போட்டு ஏத்தேல்லையடா, ஏஜென்சிக்காரனுக்குப் பின்னாலை நாங்களாத்தான் வந்தனாங்கள், வாயை மூடு எண்டு நான் சொன்னன். இவ்வளவு வகுப்பெடுத்த நீ, முக்கியமான ஒண்டைச் சொன்னனீயோ? வட்டத்துக்குள்ளை காலை வைக்கிற ஆள் ஆடவந்த ஆள்தான் எண்டு சொன்னனீயோ? அங்கை ரெண்டு மேளம் ஒரே தாளத்தைப் போட்டுக்கொண்டிருக்கும், மற்றது, சொலான்ஜ் வைச்சிருக்கிறது, உள்ளுக்கை நிக்கிற ஆளின்ரை காலைப் பாத்துப் பாத்து அடிக்கும் எண்டு சொன்னனீயோ? எங்கடை ஆக்கள் மேளத்துக்கு ஆடுவினம், இவை ஆட்டத்துக்கு மேளம் அடிக்கினம். எனக்கென்ன தெரியும்?

போன கோடை விழாவுக்கு, "ஒருக்கா வந்து பாருங்கோ, ஒண்டும் கொண்டுவர வேண்டாம்" எண்டு கூப்பிட்டனீ. வெறுங்கையோடை ஒரு விழாவுக்கு என்னெண்டு வாறது? என்ரை மகன் ஆடுறதுக்கு மேளம் அடிக்கிற மனுசிக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டாமோ? கடையிலையே நல்ல பொன்னாடையா ஒண்டு எடுத்தன். முதலாளியிட்டை இப்ப வாறன் எண்டு சொல்லிப்போட்டு ஓட்டமும் நடையுமா ரூ பஜோலுக்கு வந்தன். வந்து பாத்தால் மேடை இல்லை. கதிரை இல்லை. குத்துவிளக்கு இல்லை, பிரதம விருந்தினர் இல்லை, மைக்கைப் பிடிச்சு "அடுத்ததாக" எண்டு சொல்ல ஒரு ஆள் இல்லை. சனம் சும்மா வட்டமா நிக்குது. குவாதலூப் மனுசிமார் கட்டம்போட்ட பாவாடையோடை நிக்கினம், அந்தத் துணிக்கு 'மத்ராஸ்' எண்டு பேராம், எங்கடை கடையிலை அது ஆம்பிளையள் கட்டுற சாரத்துணி. சரி, பாட்டு முடியட்டும், போத்துவம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். அது முடியிற பாட்டாத் தெரியேல்லை. ஒருத்தர் ஆடி விலக மற்றவர் உள்ளுக்கை. அங்கை கடையிலை முதலாளி முகத்தை நீட்டும். நடுவிலை ஆரும் இல்லாத நேரமாப் பாத்து, பொன்னாடையை ரெண்டு கையாலையும் விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு உள்ளுக்கை காலை வைச்சன்.

டும் எண்டுது.

நான் நிண்டன். மேளமும் நிண்டுது. மற்றக் காலை வைச்சன், டும். பயத்திலை பின்னுக்கு ரெண்டடி வைச்சன், டக்க டக்க எண்டு அதுவும் என்னோடை பின்னுக்கு வருது. சொலான்ஜ் என்ரை முகத்தைப் பாக்கேல்லை, காலையே பாக்கிறா. வெளியிலை போவம் எண்டு திரும்பினால், விரிச்சுப் பிடிச்ச பொன்னாடையும் என்னோடை சுத்துது, சனம் அதையும் ஆட்டமெண்டு நினைச்சுக் கை தட்டுது. "நிப்பாட்டுங்கோ பிள்ளை, நிப்பாட்டுங்கோ!" எண்டு தமிழிலை கத்திக்கொண்டு காலாலை நிலத்திலை உதைஞ்சன். உதைஞ்ச உதைக்கெல்லாம் அடி விழுது. மேளத்துக்கு முன்னாலை தலையைக் குனிஞ்சால் விலகலாமாம், அது எனக்குப் பேந்துதான் தெரியும். நீ என்ன செய்தனீ? பெத்த தாய் நடுவிலை நிண்டு தத்தளிக்கிறா, நீ வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறாய். ஒரு ஆள் உள்ளுக்கை வந்தால் மற்ற ஆள் விலகலாம் எண்டு தெரிஞ்ச நீ வரேல்லை. ஆரோ ஒரு உயரமான பெடியன்தான் வந்து எனக்கு வழி விட்டவன். போற போக்கிலை பொன்னாடையை அவவின்ரை தோளிலை எறியாத குறையாப் போட்டிட்டு ஓடிவந்தன்.

ஒண்டு சொல்லுறன், சிரியாதை. இந்த நாட்டுக்கு வந்த நாள்தொட்டு நான் வாயைத் திறந்தால் முன்னாலை இருக்கிற ஆள் "கொமோன்?" எண்டு கேக்கும். என்ன சொன்னீர், திருப்பிச் சொல்லும். விசாவுக்குப் போன பிறிவெக்தூரிலை கேட்டவை, ஆசுப்பத்திரியிலை கேட்டவை, உன்ரை பள்ளிக்கூடத்திலை கேட்டவை, வீட்டிலை நீயே நெத்தியைச் சுருக்கிக்கொண்டு கேட்டனீ. அந்த மேளம் மட்டும் ஒருக்காவும் கேக்கேல்லை. நான் பயந்ததையும் அடிச்சுது, கோவத்திலை உதைஞ்சதையும் அடிச்சுது. அண்டைக்குப் பின்னேரம் கடையிலை துணி கிழிக்கேக்கை எனக்குச் சாடையா அழுகை வந்தது. ஏனெண்டு அப்ப விளங்கேல்லை.

சரி, பிறகு நடந்தது உனக்குத் தெரிஞ்ச கதை. ஆரோ எடுத்து அனுப்ப, அண்டிரவுக்குள்ளை எங்கடை சனத்தின்ரை வாட்ஸ்அப் எல்லாத்திலையும் நான்தான். "ரூ பஜோலிலை அம்மாவுக்கு உரு வந்தது" எண்டு எழுதி விட்டிருக்கினம், ஏதோ சாமி ஏறின மாதிரி. கோயிலிலை ஒரு மனுசி என்னட்டை வந்து தன்ரை மகளுக்கு விசா எப்ப கிடைக்கும் எண்டு குறி கேக்கிறா. உன்ரை கொப்பர் சமையல் வேலை முடிஞ்சு வந்து, சப்பாத்துக் கழட்ட முதலே போனைத் திறந்து மூண்டு தரம் பாத்துப்போட்டு, "இஞ்சரும், இடுப்பு நோ எண்டு சொன்னனீர், அது எங்கை போச்சு?" எண்டார். அந்த மனுசன் அப்பிடி வாய்விட்டுச் சிரிச்சுக் கனகாலம். அதுக்காண்டியே நான் பேசாமல் விட்டனான்.

சம்பந்தி வீட்டுக்காரர் இருக்கிற ஆர்ஜொந்தெயிலை அதை ஆரோ இப்பத்தான் தோண்டி எடுத்துக் காட்டியிருக்கினம், அங்கை ஒருத்தரும் சிரிக்கேல்லை. சம்பந்தி, சிந்துவின்ரை தாய், ரெலிபோன் எடுத்து, "அக்கா, குறை நினையாதையுங்கோ, உங்களுக்கு உரு வாறது எண்டு எங்களுக்கு முந்தியே சொல்லியிருக்கலாம்" எண்டா. உரு இல்லைத் தங்கச்சி, அது பொன்னாடை எண்டு நான் விளக்கம் சொல்லி முடிக்க, "அதெல்லாம் சரியக்கா, ஆனா எங்கடை ஆக்கள் கதைக்கினம்" எண்டு இழுத்தா. அந்தக் குவாதலூப் ஆக்களைச் சொல்ல எங்கடை சனம் வாய் கூசாமல் சொல்லுற அந்தச் சொல்லையும் சொன்னா. அண்டைக்கு அது எனக்குக் காதிலை குத்திச்சுது. பிறகு அவ உன்னைக் கூப்பிட்டு, கலியாண மண்டபத்துக்கு அந்த மேளம் வேண்டாம், கலியாணத்துக்குப் பிறகு அந்த ஆட்டமும் வேண்டாம், உங்கடை அம்மாவின்ரை பேரும் கெடுகுதெல்லே தம்பி எண்டு சொல்ல, நீ பெரிய தியாகி மாதிரி ஓம் எண்டிட்டு வந்திட்டாய்.

எட மடையா, என்ரை பேரை நான் உன்னட்டைத் தந்து பாத்துக்கொள்ளடா எண்டு எப்ப சொன்னனான்?

நேற்று நான் சிந்துவோடை கதைச்சன். குரல் கட்டையா இருந்தது. என்னடி பிள்ளை எண்டு கேக்க, "மாமி, நான் அவரை முதல் முதல் கண்டதே அந்த வட்டத்துக்குள்ளைதான். நீங்கள் விடச்சொல்லி அவர் விட்டிட்டாராம். ஏன் மாமி அப்பிடிச் சொன்னனீங்கள்?" எண்டு கேட்டாள். கேட்டியோ? கலியாணம் வாற மாசம், இன்னும் தாலி ஏறேல்லை, அதுக்குள்ளை மருமகளுக்கு மாமியோடை கோவம். நான் செய்யாத வேலைக்கு! நானும் சொல்லேல்லை, அவளும் சொல்லேல்லை, அவளின்ரை தாய் ஒரு சொல் சொல்ல நீ அதை என்ரை தலையிலை வைச்சிட்டாய். இண்டைக்கு அம்மாவுக்காக விடுவாய். நாளைக்குச் சிந்துவுக்காக எதையோ விடுவாய். பிறகு ஒருநாள் சோபாவிலை கால் நீட்டி இருந்துகொண்டு, உங்களாலைதான் எல்லாம் போச்சு எண்டு எங்கள் ரெண்டு பேரையும் பாப்பாய். அப்பிடிப்பட்ட ஆம்பிளையளை நான் கடையிலை நாள் முழுக்கப் பாக்கிறன், மனுசியின்ரை சீலைப் பையைப் பிடிச்சுக்கொண்டு வாசலிலை மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிக்கினம். உனக்கு விருப்பமில்லாட்டில் விடு. கால் ஏலாட்டில் விடு. மற்றவையின்ரை பேரைச் சொல்லி விடாதை. கலியாணம் கட்டப்போற உனக்கு நான் சொல்ல இருக்கிற புத்தி இவ்வளவும்தான், மிச்சத்தை ஐயர் மந்திரத்திலை சொல்லுவார்.

நீ விட்டிடவேணும் எண்டு நான் கும்பிடாத கோயில் இல்லை, அது உண்மை. இப்ப விட்டிட்டாய் எண்டு கேட்ட உடனை சந்தோசம்தான் வரவேணும். வரேல்லையே! அந்த ஆட்டத்திலை நீ விழப்போய் விழப்போய் நிமிருற இடம் ஒண்டு இருக்கு, இனி அதைப் பாக்கமாட்டன் எண்டு நினைக்க எனக்குத் துணி வெட்ட ஏலேல்லை. ரெண்டு பிளவுஸ் பிழையா வெட்டி முதலாளியிட்டைப் பேச்சும் வாங்கினனான்.

அதாலை இண்டைக்குக் காலமை சம்பந்திக்கு நானே ரெலிபோன் எடுத்தன். "தேர்த் திருவிழாவண்டு உங்கடை மனுசன் காவடி எடுத்தவரெல்லே?" எண்டு கேட்டன். ஓம் எண்டா. "முதுகிலை செடில் குத்தி, மேளத்துக்கு ரூ பஜோல் நீளத்துக்கும் ஆடினவரெல்லே? பொலிஸ்காரன் ரோட்டை மறிச்சுப் பாத்துக்கொண்டு நிண்டவனெல்லே? ஆரும் சிரிச்சதோ?" எண்டன். "அக்கா, அது சாமிக்கு வைச்ச நேத்தி" எண்டா, கொஞ்சம் சூடா. "அப்ப எனக்கும் நேத்திதான்" எண்டு சொல்லிப்போட்டன். என்ன நேத்தி எண்டு கேக்கிறா. "என்ரை மகனுக்கு நல்ல இடத்திலை கலியாணம் பொருந்தினால் அந்த வட்டத்துக்குள்ளை போய் ஆடுறன் எண்டு நேந்தனான். பொருந்தியிட்டுது. வாற ஞாயிற்றுக்கிழமை ஆடப்போறன். வேண்டாம் எண்டு நீங்கள் சொன்னால் விடுறன், ஆனா பிள்ளையளின்ரை கலியாணத்துக்கு முன்னாலை நேத்தியை முறிக்கச் சொல்லி நீங்கள்தான் சொல்லவேணும்" எண்டன். பேந்து, "ஐயோ அக்கா, நேத்தியை முறிக்கப்படாது" எண்டா. "அப்ப வந்து நிண்டு பாருங்கோ, கதிரை இல்லை, சப்பாத்து நல்லதாப் போட்டுக்கொண்டு வாங்கோ" எண்டு சொல்லி வைச்சன். வருவா எண்டுதான் நினைக்கிறன். குரலிலை ஆசை தெரிஞ்சுது.

பொய்தான் சொன்னனான். ஆனா சொல்லி வாய் மூட முதலே சாமிப்படத்தைத் திரும்பிப் பாத்தன். நேத்தி எண்டு வாயாலை வந்தால் அது நேத்திதானே, பிறகென்ன பொய்? கடைசியிலை கட்டுப்பட்டு நிக்கிறது நான். இப்ப ஆடாமல் விட்டால் உன்ரை கலியாணத்திலை என்ன இடைஞ்சல் வருமோ எண்டு நான்தான் பயப்பிடவேணும். பாத்தியோ, எனக்காக எண்டு நீ விட்டது என்னை எங்கை கொண்டுவந்து விட்டிருக்கு!

ஞாயிற்றுக்கிழமை ரூ பஜோலிலை நான் உள்ளுக்கை போவன். சனம் வீடியோ எடுக்கும், எடுக்கட்டும், இந்தமுறை கையிலை பொன்னாடை இல்லை, சாட்டுச் சொல்ல ஒண்டும் இல்லை. மேளத்துக்கு முன்னாலை தலையைக் குனிஞ்சு விலகுறது எப்பிடி எண்டு முந்தநாள் கடையிலையே சொலான்ஜிட்டைக் கேட்டுப் பழகியிட்டன். ஆனா குனியமாட்டன். வேறை ஆர் உள்ளுக்கை வந்தாலும் விலகமாட்டன். நீ வந்து இடத்தை எடுக்குமட்டும் நடுவிலை நிப்பன். உனக்குத் தெரியும், எனக்கு இடுப்பு நோ. கனநேரம் நிக்க வையாதை.

அம்மா